பிரகாசம் வாத்தியாரின் பராக்கு

சாந்தோமில் பிரகாசம் வாத்தியார் சொல்வதெழுதுதல் நடத்தினால் ஒரு சட்டம் உண்டு. ஒரே ஒரு பிழை வந்தாலும் முதல் வரியிலிருந்து மறுபடி எழுத வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

1943இல் அந்தச் சட்டத்தைத் தமக்கும் போட்டுக்கொண்டார். மகன் ஹென்றி மலாயாவில் ரப்பர் தோட்டத்துக் குமாஸ்தா. ஜப்பான்காரரிடம் சிங்கப்பூர் விழுந்த பிறகு கடிதம் இல்லை. ஆண்டவர் பூமியில் வாழ்ந்த வருஷங்களின் கணக்குக்கு, தினமும் முப்பத்து மூன்று தடவை "சேசுவின் திரு இருதயமே, எங்கள்பேரில் இரக்கமாயிரும்" என்று சொல்வதாக வாத்தியார் நேர்ந்துகொண்டார். பராக்கில்லாமல் சொல்ல வேண்டும். மனம் விலகினால் முதலிலிருந்து.

ஏழு மாதமாயிற்று. ஒரு நாளும் இருபதைத் தாண்டவில்லை. நேர்ச்சை முடியாதவரை மகன் எப்படி வருவான் என்ற பயம் வேறு. சனிக்கிழமைதோறும் கோயிலில் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில், "செபத்தில் பராக்கு, சாமி" என்பார். என்ன பராக்கு என்று சாமியார் கேட்டதில்லை, வரிசை நீளம். அபராதமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்வார். அந்த மூன்றை முடிக்கவும் வாத்தியார் ஒன்பது தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் மனைவி அல்போன்சாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாசலில் மீன் வாங்கிக்கொண்டே செபமாலையை முடித்துவிடுவாள்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க... ஏ தங்கம், இன்னா இது, செவுளு வெளுத்துக் கீது? கர்த்தர் உம்முடனே..."

"நீ மாதாகிட்ட பேசுறியா, என்கிட்ட பேசுறியாம்மா?" என்றாள் மீன்காரி தங்கம்.

"ரெண்டு பேரும் கேக்கட்டும். நேத்து மீனுதான?"

உள்ளே வாத்தியார் பத்தொன்பதாவதில் பெருமூச்சு விட்டு, மறுபடியும் "ஒன்று" என்றார். மீனும் கையுமாக அல்போன்சா வந்து நின்றாள்.

"மறுபடியும் ஒண்ணா? இப்ப இன்னா வந்துச்சு குறுக்கே?"

"ஒண்ணுமில்ல. ஹென்றி போட்டுக்கினு போன பூட்ஸு. இடது கால் கடிக்குதுன்னு சொன்னான்."

"நேத்து?"

"அங்க அவனுக்கு நெத்திலி கெடைக்குமான்னு."

"முந்தாநேத்து?"

"அவன் இருமல்."

அல்போன்சா உட்கார்ந்து மீனை ஆயத் தொடங்கினாள். இரண்டு மீனை முடித்துவிட்டுக் கேட்டாள்.

"யாருக்காக நேர்ந்துக்கினீங்க?"

"ஹென்றிக்காகத்தான்."

"நல்ல வாத்தியாரு! தெனம் ஆண்டவர் வீட்டு வரைக்கும் போயி, வந்த விஷயத்த மட்டும் சொல்லாம திரும்பி வரீங்க."

சட்டப்படி இது சரியா என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "சேசுவே, அந்தப் பூட்ஸு இடது காலைக் கடிக்கும்," என்றார். சொல்லிவிட்டு, ஒன்றுக்குத் திரும்பாமல், விட்ட பத்தொன்பதிலிருந்தே இருபதுக்குப் போனார். இருபத்தாறில் தெருவில் தங்கத்தின் குரல் வந்தது. அதையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போனார்.

முப்பத்து மூன்று வந்தது. இதுவரை அங்கே போனதில்லையாதலால் அடுத்து என்ன செய்வது என்று விளங்கவில்லை.

"முடிஞ்சிடுச்சு," என்றார்.

"ஆமென் சொல்லுங்க. சொல்லிட்டு மீனுகிட்ட வர்ற பூனைய வெரட்டுங்க."

அன்றும் கடிதம் வரவில்லை. மறுநாள் காலை வாத்தியார் பூட்ஸிலிருந்தே தொடங்கினார்.