ஒளிப்பாடம் எடுத்த டீச்சர்

கண்ணை இறுக மூடிக்கொண்டு அட்டையின் மேல் விரலை ஓட்டுகிறார். பசையில் ஒட்டிய நூல் நேராக வந்து, நடுவிலுள்ள உப்புத்தாள் பட்டையைத் தொட்டதும் திரும்புகிறது. இரண்டாவது தடவை விரல் வழி தவறிவிடுகிறது. நூலைப் பிய்த்தெடுத்து மறுபடி ஒட்டுகிறார். ஆசிரியர் அறையில் யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. பழகிவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் டீச்சர். கண் தெரியாத ஒரு பெண், காது மந்தமான ஒருவன், எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் இரண்டு பேர், மற்ற முப்பது பேர் என்று எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து படிப்பதற்கான பாடத்திட்டத்தை இந்த வருடம் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். எழுதுவதோடு விடாது, நடத்தியும் காட்ட வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஒரே கேள்வி: "யாரை விட்டுட்டேன்?" வீட்டில் சாப்பிடும்போதுகூடக் கண்ணை மூடித் துழாவியவரிடம் கணவர், "தண்ணி இடது பக்கம் இருக்கு. அதையும் பாடத்துல சேர்த்துக்கோ" என்றார். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் இருந்தது. அந்தப் பெண்ணை இங்கேயே வைத்துக்கொள்வதா, தனிப் பள்ளிக்கு அனுப்புவதா என்று பார்க்க மேலதிகாரி வருகிறாராம். அன்றைக்குப் பார்த்து வரவேண்டிய பாடம் ஒளிவிலகல். இரண்டு வாரமாக நூலும் அட்டையுமாக டீச்சர் அலைவது அதற்குத்தான். வேறு பாடம் எடுத்துவிடுங்களேன் என்று தலைமையாசிரியை சொல்லிப் பார்த்தார்.

"இதைத் தாண்டிப் போனா, அவளைத் தாண்டிப் போன மாதிரி மேடம்."

அதிகாரி வந்ததும் டீச்சர் வகுப்பை வெளியே கூட்டிப்போனார். பாதி சிமெண்ட் தரை, மீதி மணல். ஐந்து பேர் கைகோத்து ஒரே வரிசையாக, மணலை நோக்கிச் சாய்வாக நடக்க வேண்டும். ஓரத்தில் அந்தப் பெண். அவள் கால்தான் முதலில் மணலில் இறங்கியது, நடை தளர்ந்தது. மற்றவர்கள் சிமெண்டில் விறுவிறுவென்று வர, வரிசை தானாகவே அவள் பக்கம் திரும்பிவிட்டது.

ஒளி ஏன் திரும்புகிறது என்று அதிகாரி அவளிடமே கேட்டார். டீச்சரின் கைக்குள் சாக்பீஸ் பொடியாகிக்கொண்டிருந்தது.

"முதல்ல இறங்குற பக்கம் மெதுவாயிடுதுல்ல சார்? கைகோத்துட்டு வர்றவங்க திரும்பித்தானே ஆகணும்."

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். இந்த வருடம் அவள் இங்கேயே படிக்கட்டும், அடுத்த பருவத்தில் மறுபடி வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தலைமையாசிரியைக்கு முகமெல்லாம் பல். டீச்சரோ அதற்குள் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். அடுத்த பாடம் நிறங்கள். சிவப்பை எப்படித் தொட்டுக் காட்டுவது?

மறுநாள் அந்தப் பெண்ணே கேட்டுவிட்டாள். "கலரை எப்படி டீச்சர் சொல்லித் தருவீங்க?"

இப்படிக் கேட்டால், பார்த்துக்கலாம்மா என்று சமாளிப்பதுதான் வழக்கம். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"தெரியலம்மா. உனக்கு எப்படி வேணும்னு நீ சொல்லேன்."

சொல்லிவிட்டு, மேசைப் பக்கம் போகாமல், அவள் பெஞ்சிலேயே ஒண்டி உட்கார்ந்துகொண்டார்.