லகமவ்வாவின் சூட்டுக்கோல்

கர்நாடகத்து முதோள் பக்கம் ஆடு சாய்ந்தாலும் மாடு முடங்கினாலும் லகமவ்வாவைத்தான் தேடி வருவார்கள். புருஷன் போன பிறகு நூறு ஆட்டைத் தனியாளாகக் கட்டி மேய்த்தவள். நோய்கண்ட உடம்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கோலால் சூடு இழுத்தால் அவள் கை நடுங்காது. பிழைத்தால் அவள் கைராசி, செத்தால் அதன் தலையெழுத்து. ஊர் அப்படித்தான் பேசியது. அவளும் அப்படித்தான் நம்பினாள்.

அன்று காலை பட்டியைத் திறக்கப் போனபோது வேட்டைநாய் காளி கூடவே வரவில்லை. ஒன்பது வருஷம் ஓநாயிடமிருந்து ஆட்டைக் காத்த நாய். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் இங்கும் அங்கும் ஓடின. எழுந்து வட்டமாக நாலடி வைத்துப் பொத்தென்று விழுந்தது. ராத்திரி தின்ற சோள ரொட்டியை வாந்தி எடுத்தது.

கெட்ட காற்று அடித்துவிட்டது என்றான் கொழுந்தன் யமனப்பா. வறட்டியை மூட்டிக் கோலைச் செருகினான். நாயின் வாயைப் பிளந்து மோர் ஊற்றப் போனான். லகமவ்வா செம்பைத் தட்டிவிட்டாள். வாய் கோணிக் கிடந்த அவள் புருஷனுக்கு இதே யமனப்பாதான் கஷாயம் ஊற்றினான். புரையேறி அந்த மனுஷன் மூச்சுக்குத் தவித்ததை அவள் மறக்கவில்லை.

கோல் சிவந்தது. கையில் எடுத்துக்கொண்டு கிட்டே போனாள். அவள் குரல் கேட்டதும் காளி படுத்தபடியே வாலைத் தரையில் அடித்தது. லகமவ்வாவுக்குக் கை நடுங்கிவிட்டது.

"ஊரான் மாட்டுக்குன்னா கை நீளும். சொந்த நாய்க்குன்னா நடுங்குதோ அண்ணி?" என்றான் யமனப்பா.

கோலைப் போட்டுவிட்டு, நாயைக் கம்பளியில் சுற்றி, டெம்போ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம் சாய்கிறது, வாயில் ஏதாவது ஊற்றினீர்களா என்று டாக்டரம்மா கேட்டாள். ஒன்றும் ஊற்றாதது நல்லதாயிற்று, ஊற்றியிருந்தால் நுரையீரலுக்குப் போயிருக்கும் என்றாள். மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்திருக்கலாம், காதுக்குள் கோளாறு என்றாலும் இப்படித்தான் தெரியும், சில நாள் போனால்தான் தெரியும் என்று சொல்லி ஊசி போட்டாள். மெத்தென்ற இடத்தில் சந்தடியில்லாமல் படுக்கவைத்து, நேரத்துக்கு நேரம் புரட்டிப் போடச் சொன்னாள். விழுங்க முடிந்த பிறகுதான் தண்ணீர்கூட.

ஆறாம் நாள் காளி தானாக நின்றது. தலைக் கோணல் மட்டும் போகவில்லை. மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மா சந்தோஷப்பட்டாள். இந்த மாதிரி நிறைய நாய் மெல்லத் தானாகவே எழுந்துவிடும், நாம் கெடுக்காமல் இருந்தால் போதும் என்றாள்.

லகமவ்வா காளியின் முதுகில் கை வைத்தாள்.

"அப்ப நான் சூடு போட்டு எந்திரிச்சதெல்லாம்?"

"சிலது தானாவே எந்திரிச்சிருக்கும்மா. சூட்டுப் புண்ணையும் சேத்துத் தாங்கிக்கிட்டு."

"செத்ததெல்லாம்?"

டாக்டரம்மா குனிந்து காளியின் காதைத் தடவினாள்.

புருஷன் செத்த அன்றுகூட ஊர் பார்க்க அழாதவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் நடுவே உட்கார்ந்து அழுதாள். துர்கவ்வா வீட்டுக் கறவை, மேலத்தெரு செம்மறிக் கிடா, பசலிங்கப்பாவின் தலைச்சன் கன்று என்று தன் சூட்டுக்குப் பிறகு செத்ததை ஒவ்வொன்றாக, யார் வீட்டது என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.