ஒரு டன், ஒன்றரை டன்

எங்கள் வீட்டுக்கு ஏசி இரண்டு ஊரிலிருந்து வந்தது. உள்ளே மாட்டும் பெட்டி, கடலூரில் இடிக்கப்போகும் ஒரு லாட்ஜிலிருந்து. வெளியே வைக்கும் பெட்டி, துபாய்க்கே குடிபோய்விட்ட பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவரின் வீட்டிலிருந்து. இரண்டையும் ஒரே குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு சிதம்பரத்தில் வந்து இறங்கினார் மாமா, அம்மாவின் தம்பி. சீர்வரிசை கொண்டுவந்தவர்போல முகத்தில் அத்தனை பெருமை.

அப்பா சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் கண்டக்டர். இருபது வருஷம் வெயிலில் வெந்த மனிதர். மாசி மாதம் கல்லீரலில் ஏதோ வீக்கம் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவரைப் பங்குனியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தேறிவிட்டதால்தான் அனுப்பினார்கள் என்றாள் அம்மா. நான் நம்பினேன். எங்கள் பக்கத்தில் வியாதியின் பெயரை வியாதிக்காரரிடம் சொல்லும் வழக்கம் கிடையாது. இன்னும் கொஞ்ச நாள்தான் என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது; அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியாது. ஏழாம் வகுப்புக்காரியிடம் யார் சொல்வார்கள்? அதுவும் வாயில் எதுவுமே தங்காத என்னிடம்.

சித்திரை பிறந்ததும் அப்பாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்களுடையது தாத்தா காலத்து வீடு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் விளக்கு வைத்த பிறகு அனலைக் கக்கும். ஈரத் துணியைப் பிழிந்து அவர் மார்பில் போட்டால் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். அவர் ஒரு மணி நேரமாவது கண்ணயர வேண்டும், அம்மா கேட்டது அவ்வளவுதான். புது ஏசி வந்து மாட்டப் பத்து நாள் ஆகும் என்றார்களாம் கடையில். பத்து நாள் காத்திருக்க மாமா தயாராக இல்லை.

மாட்டிய அன்று, ஜன்னல் இடுக்குகளில் பழைய சேலையைக் கிழித்துத் திணித்தாள் அம்மா. அறை குளிர்ந்தது. அப்பா போர்வை கேட்டார். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் உள்பெட்டியில் பனி கட்டி, கட்டில்மேல் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. குளிரும் போயிற்று. மாமா பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தார். சவூதியில் பல வருஷம் இதே வேலை பார்த்தவர். மாமா அவரை பாய் என்றுதான் கூப்பிட்டார்.

எங்கே ரகசியம் பேசினாலும் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். மொட்டைமாடிக்குப் போன இருவரின் பின்னாலேயே போய், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

“உள்ள இருக்கறது ஒரு டன்னு, இது ஒன்றரை டன்னு. கம்பெனியும் வேற வேற. எப்படி ஒத்துப்போவும்? பனி கட்டத்தான் செய்யும்,” என்றார் பாய். “நான் சரிபண்ணித் தரேன். ஆனா கம்ப்ரசர் ஜாஸ்தி நாள் தாங்காது. மூணு மாசம், மிஞ்சினா நாலு. உள்ளயும் ஒன்றரை டன்னு வாங்கி மாட்டிடுங்க.”

“ரெண்டு மாசம் ஓடுனா போதும் பாய்,” என்றார் மாமா.

“ரெண்டு மாசத்துக்கா இவ்ளோ பாடு?”

மாமா திரும்பிக் கோயில் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாய் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, மெல்லிய செம்புக் குழாயை அறுத்து வேறொன்று பற்றவைத்து, கேஸ் ஏற்றி, சாயங்காலம்வரை வேலை செய்தார். டீகூட வேண்டாம் என்றுவிட்டார்.

எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. பழைய சாமான்களை ஒட்டவைத்து மாமா எங்கள் கண்ணில் மண்ணைத் தூவுகிறார், அந்த மெக்கானிக்கும் கூட்டு. நேரே அப்பாவிடம் ஓடினேன்.

“மாமா நம்பள ஏமாத்துறாருப்பா. இது மூணு மாசத்துல போயிடுமாம். ரெண்டு மாசம் ஓடுனா போதும்னு மாமா சொல்றாரு. அடுத்த வெயிலுக்கு நீ என்னா பண்ணுவ?”

அப்பா சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மாமாவே சொன்னாரா?”

“என் காதால கேட்டேன்.”

“அம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

“சொல்லாத. அவ தாங்க மாட்டா.”

போயும் போயும் ஒரு ஏசிக்கு அம்மா ஏன் தாங்கமாட்டாள் என்று எனக்கு விளங்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் மாமா கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தார். “ஜோரா ஓடுது மச்சான். இனிமே பத்து வருஷத்துக்குக் கவலயில்ல,” என்றார்.

அப்பா இப்போது பிடிபிடி என்று பிடிக்கப்போகிறார் என்று கதவோரம் காத்திருந்தேன். அவரோ மாமாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். “நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க மச்சான். சாப்புட்டுப் போங்க.” மாமா தலையை நிமிர்த்தவே இல்லை.

எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். உண்மையைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தும் வாயைத் திறக்காத ஏமாளி அப்பா. இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. தண்ணீர் கேட்டால் கொண்டுபோய் டக்கென்று வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். “கோவமா?” என்று ஒருதரம் கேட்டார். காதில் விழாதவள்போல வெளியே போய்விட்டேன். அவருக்கு மீதி இருந்த நாட்களில் இரண்டு அவை. அது அவருக்குத் தெரியும், நான் சொல்லித்தான் தெரியும். எனக்குத் தெரியாது.