ஏழும் பதினாறும்

அன்று கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்கள். ஹெட்மாஸ்டர். திருப்பதி ஆபீஸிலிருந்து வந்த டெக்னீஷியன். பத்தாம் வகுப்புத் தமிழ் மீடியத்துக்கு சயின்ஸ் எடுக்கிற டீச்சர். அந்தப் பள்ளிக்கூடத்து அட்டெண்டரான நான். மேஜைமேல் இருபத்திநாலு லேப்டாப்.

யாரும் உட்காரவில்லை.

எங்கள் ஊர் ஆந்திராவில், வரதய்யபாளையம் பக்கம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு மீடியம் பெரியது, தமிழ் மீடியம் சின்னது. நான் ஏழாவது வரைதான் படித்தேன். ஆனாலும் லேப்டாப்பில் சாஃப்ட்வேர் ஏற்றுவது என் வேலை. அது கடையில் கிடைக்கிற சாஃப்ட்வேர் இல்லை. பள்ளிக்கூடங்களுக்கென்றே தனியாகச் செய்தது. புதிது வந்தால் ஆபீஸ் ஒரு பென்டிரைவ் அனுப்பும். அதைச் செருகி, ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவர் போட வேண்டும். வெள்ளைக் கோடு ஓடும். இருபது நிமிடம். பழையது முழுக்க அழிந்து புதியது ஏறும். வாத்தியார்களுக்கு அதைத் தொடப் பயம். கெட்டுப்போனால் பதில் சொல்ல வேண்டும். அதனால் என்னிடம் வந்தது.

இரண்டை மட்டும் தொடக் கூடாது. ஏழு, பதினாறு என்று நம்பர் சீட்டு ஒட்டியவை. டீச்சர் அந்த இரண்டையும் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு போய், நாலு தடவை அலைந்து, தமிழில் டைப் அடிக்க வசதி செய்து வாங்கி வந்தவர். அந்த வருடம் தமிழில் சயின்ஸ் புத்தகம் வரவில்லை. தெலுங்குப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பாடமாகத் தமிழில் அடித்து வைத்தார். பதினொரு பிள்ளைகளுக்கு அதுதான் புத்தகம். அவர்கள் நோட்டில் எழுதி முடித்தது பாதிதான். வேறு பென்டிரைவில் எடுத்து வைக்கவும் வழியில்லை. ஆபீஸ் பென்டிரைவைத் தவிர எதையும் அந்த சாஃப்ட்வேர் ஏற்காது.

ஸ்ரீபஞ்சமி வந்தது. எங்கள் பக்கம் அன்றுதான் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூஜை. லேப்டாப் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னார் ஹெட்மாஸ்டர். தூசியோடு வைக்க மனசு வரவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன். நம்பர் எழுதி ஒட்டியிருந்த சீட்டுகள் ஊறிக் கையோடு வந்தன. சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். பூஜை முடிந்ததும் புதுச் சீட்டு வெட்டி, அடுக்கியிருந்த வரிசையில் ஒன்று முதல் இருபத்திநாலு வரை எழுதி ஒட்டினேன். நம்பர் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் பென்டிரைவ் வந்தது. டீச்சர் ட்ரெய்னிங் என்று சித்தூரில் இருந்தார். போன் செய்தார்.

"அண்ணா, ஏழும் பதினாறும் தொட்டுடாதீங்க."

"தொட மாட்டம்மா."

தொடவில்லை. அந்த நம்பர் ஒட்டியிருந்த இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மற்ற இருபத்திரண்டையும் மூன்று நாளில் முடித்தேன்.

டீச்சர் வந்து ஏழைத் திறந்தார். தெலுங்குப் பிள்ளைகள் வரைந்த மாம்பழப் படம் இருந்தது. பதினாறைத் திறந்தார். அதிலும் பாடம் இல்லை.

"இது ஏழு இல்லண்ணா. இன்னா பண்ணீங்க?"

சீட்டு மாற்றியதைச் சொன்னேன். ஹெட்மாஸ்டர் திருப்பதிக்குப் போன் போட்டார். அப்படித்தான் டெக்னீஷியன் வந்தார்.

அவர் ஒவ்வொன்றாகத் திருப்பி, அடியில் இருந்த நீள நம்பரை ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்த்தார். பழைய ஏழு இப்போது பதினொன்றாக இருந்தது. பழைய பதினாறு இருபதாக இருந்தது. இரண்டையும் நான் அழித்திருந்தேன்.

"ஏம்ண்ணா, பொட்டு வெச்சா வைரஸ் வராதுன்னு யார்னா சொன்னாங்களா?" என்றார் டெக்னீஷியன்.

"நல்லாக் கேளு. அடுத்த வாட்டி தேங்காயும் அதும்மேலயே உடைப்பான்," என்றார் ஹெட்மாஸ்டர்.

"பூஜைக்கு வெக்கச் சொன்னது நீங்கதானே சார்," என்றார் டீச்சர்.

நான் துணியெடுத்து, ஒட்டியிருந்த குங்குமத்தைத் துடைத்தேன்.

திருப்பதியில் பெரிய மெஷினில் போட்டுப் பார்க்கலாம், ஆனால் நம்பிக்கை வைக்காதே என்று சொல்லிவிட்டு டெக்னீஷியன் போனார். அடுத்த நாள் இரண்டையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் மொட்டை அடிக்கப் போகிற குடும்பம். குழந்தை கால் நீட்டி உதைத்தது. லேப்டாப் மேல் படாமல் குனிந்தபடியே போனேன்.

ஆபீஸ் மாடியில் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடப் போகவில்லை. போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால்?

டெக்னீஷியன் வெளியே வந்தார். இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை.

"போயிடிச்சிண்ணா. பழசுக்கு மேலயே புதுசு ஏறிக்கீது. எடுக்க முடியாது."

"ஒரு பாடம்னா?"

"ஒண்ணும் இல்லண்ணா. துன்னியா நீ?"

துன்னேன் என்று பொய் சொல்லிவிட்டு இறங்கினேன்.

காலையில் நான் மணி அடிக்கும் முன்பே டீச்சர் வந்துவிட்டார். துண்டில் சுற்றியிருந்ததைப் பிரிக்காமல் அவர் முன்னால் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தெலுங்குப் புத்தகத்தையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் நோட்டில் எழுதாத பாடத்தைத் தமிழில் கரும்பலகையில் பாதிப் பலகைக்கு எழுதிவிட்டு நின்றார்.

"அண்ணா, பரீட்சைக்கு எத்தினி நாள் கீதுன்னு பாருங்க. ஞாயிறு, லீவு எல்லாம் தள்ளிட்டு எண்ணுங்க."

சுவரிலிருந்த காலண்டரை இறக்கி, கட்டத்துக்குக் கட்டம் விரல் வைத்து எண்ணினேன். சந்தேகமாக இருந்தது. இன்னொரு தடவை எண்ணினேன்.

பத்தொன்பது.