மன்னருக்குக் கெண்டைக்கால் தந்தவன்

ராஜாக்களைக் கழுத்துக்குக் கீழே வரைவதில் லண்டனில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. முகம் வரைகிற பெரிய ஓவியருக்கு மன்னர் ஒரு மணி நேரம் உட்காருவார். மிச்சம் ஏழடிப் படமும் என் கைவேலை. நான் பள்ளிக்கூடம் போனது எட்டு மாதம்தான். ஆனால் வெல்வெட் மடிப்பு என் சொல்பேச்சுக் கேட்கும். புது மன்னரின் முடிசூட்டுப் படத்தில் கால்கள் மட்டும் ஒபதையா கெம்ப்புடையவை.

கெம்ப் பல்லக்குத் தூக்கி. பத்தொன்பது வருடம் சீமாட்டிகளைச் சுமந்ததில் அவன் கெண்டைக்கால்கள் கடைந்தெடுத்ததுபோல் திரண்டிருந்தன. மன்னருக்கோ குச்சிக்கால்.

படம் வரைய அனுப்பிய அரண்மனை அங்கியை மரப்பொம்மைக்குத்தான் போர்த்தலாம், மனிதன் உடம்பில் படக்கூடாது என்று கட்டளை. மரத்தின்மேல் அது பிணத்தின் போர்வையாய்த் தொங்கியது. கெம்ப்புக்குப் போட்டுவிட்டேன். பிடிபட்டால் எனக்குத் திட்டு. அவனுக்குப் பல்லக்குத் தூக்கும் உரிமத் தகடு போய்விடும். வேறு பிழைப்பு அவனுக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் மதியம் மாடிப்படியில் தடிச் சத்தம். அங்கிக் காப்பாளர் ஹார்ட்ரிட்ஜ்!

"முதலாளி, கழட்டுங்க! தகடு போச்சுன்னா எம்பொண்டாட்டி என்னைக் கொன்னுடுவா!"

"நேரமில்லடா. மரமா நில்லு."

பொம்மையைத் திரைக்குப் பின்னால் உதைத்துத் தள்ளி, அவன் தலையில் சாக்கைக் கவிழ்த்தேன்.

ஹார்ட்ரிட்ஜ் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தோளில் அங்கியின் வெள்ளை மென்மயிர் ஓரம் சரிந்திருக்கிறதென்று குண்டூசியை எடுத்து அழுத்திக் குத்தினார். கெம்ப் அசையவில்லை. நான்தான் துள்ளினேன்.

அப்போது பொம்மையின் வயிறு கடமுடவென்று இரைந்தது.

ஹார்ட்ரிட்ஜ் ஊசியை மெல்ல உருவினார். நுனியில் ரத்தம். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நல்ல மரம்யா உம்மது. குத்துனாலும் கோணல. ஆனா பட்டினி போட்டிருக்கீரு போல. அங்கியைக் கழட்டிட்டு அதுக்கு ஏதாவது சாப்பிடக் குடும்."

தடிச் சத்தம் இறங்கிப் போயிற்று. சாக்குக்குள் கெம்ப் அழுதான்.

மறு வருடம் நகர மண்டபத்தில் அந்தப் படத்தின் பிரதியைத் தொங்கவிட்டார்கள். கெம்ப் மனைவி டாம்சினோடு வந்தான். கனவான்கள் தொப்பியைக் கழற்றிப் படத்தை வணங்கினார்கள்.

"ஊரே கும்பிடுற காலு, நான் துடைச்ச தரையில தினம் சேத்தோட ஏறுது!" என்றாள் டாம்சின்.

"மெதுவாப் பேசுடி," என்றான் கெம்ப், தகட்டைப் பொத்திக்கொண்டு.