லாச்சியைத் திற என்று கத்திய காலம்

ஆம்ப்ளிஃபையர் சூடானால் உள்ளே இருக்கிற தூசி கருகும். அந்த வாசமும், மழையில் நனைந்த ஜாக்கெட்டுகளின் வாசமும் சேர்ந்து… டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் எங்கள் இளைஞர் கிளப்பின் நிலக்கீழ் அறை அப்படித்தான் மணக்கும்.

அங்கேதான் நான் ஹெவி மெட்டல் பாடினேன். பாடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அடிவயிற்றிலிருந்து உறுமினேன். நன்றாகவே உறுமினேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. மன்னாரிலிருந்து வாப்பாவும் நானும் மட்டும் அகதிகளாக வந்திருந்தோம். உம்மாவும் தங்கச்சியும் ஊரில். அவர்களை இங்கே அழைக்கக் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை. அமைச்சரே அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களைக் கிடப்பில் போடவைத்தார் என்று, தமிழர் வழக்கு என்ற பெயரில் பிறகு டேனிஷ் பேப்பரெல்லாம் எழுதினார்களே, அதே காலம். எங்களுக்கு அப்போது அது வழக்கு இல்லை. உம்மா வரவில்லை, அவ்வளவுதான்.

பாண்டில் நான்கு பேர். மற்ற மூவரும் டேனிஷ்காரர். டிரம்ஸ் அடித்த லார்ஸ் என் வகுப்புத் தோழன். "இங்கிலீஷில கத்தாத. உன்ர பாஷையில கத்து, அப்பதான் உண்மையா இருக்கும்" என்றான்.

கத்தினேன். எங்கள் முதல் சொந்தப் பாட்டுக்குப் பெயர் 'லாச்சி'.

"மேசை லாச்சியைத் திற!
எங்கட உம்மாவை வெளியில விடு!"

வரிகள் இவ்வளவுதான். இதையே திரும்பத் திரும்ப… ஏதோ ஒரு அதிகாரியின் மேசை இழுப்பறைக்குள், எங்கள் ஊர்ப் பேச்சில் லாச்சிக்குள், எங்கள் விண்ணப்பம் கிடக்கிறது என்பது என் நினைப்பு.

வாப்பாவுக்கு மேசை நாற்காலி செய்யும் தளபாடத் தொழிற்சாலையில் வேலை. வெள்ளிக்கிழமைகளில், பழைய தையற்கடையின் மேல்மாடியில் வாடகைக்கு எடுத்திருந்த தொழுகை அறையில் பாங்கு சொல்வார். ஊர்ப் பள்ளியிலும் அவர்தான் சொன்னவர். அந்த ஐந்து நிமிடத்தில் மட்டும் அவர் முதுகு நிமிர்ந்து நிற்கும்.

துருக்கிக்காரர், பாகிஸ்தான்காரர், எங்களைப் போல இரண்டொரு குடும்பம்… சின்ன ஜமாஅத். கட்டுப்பாடு பெரியது. பாட்டு என்றாலே முகம் சுளிப்பார்கள். அதில் நான் தோள்வரை முடியும், நெஞ்சில் மண்டையோடு போட்ட டீஷேர்ட்டுமாகத் திரிந்தேன்.

ஒருநாள் நூலகத்தில் எங்கள் நிகழ்ச்சிப் போஸ்டரை ஒட்டினார்கள். நடுவில் நான், வாயைப் பிளந்தபடி. அது போதுமாயிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"இனிப் பாங்கு சொல்ல வேண்டாமாம்."

"ஆர் சொன்னது?"

"இஸ்மாயில் நானா. மகன் ஷைத்தானைக் கூப்பிட்டுக் கத்துறான், வாப்பா அல்லாஹ்வைக் கூப்பிடுறார், ஒரே வீட்டில இது என்னெண்டு சரிவரும் எண்டு கேக்கிறார்."

நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்ட இஸ்மாயில் துருக்கிக்காரர், தொழுகை அறைக்குப் பொறுப்பானவர். வாப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர்.

"நான் போய்க் கதைக்கிறன் வாப்பா."

"நீ போகாத மகன். நான் பாத்துக்கொள்ளுறன்."

"என்னைப் பத்தின கதைதானே. நான்தான் கதைக்க வேணும்."

வாப்பா ஜாக்கெட் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு, "அப்பிடி என்னத்தைத்தான் கத்துறனீ? ஒருக்காச் சொல்லு" என்றார்.

சும்மா பேசுகிற குரலில் வரிகளைச் சொன்னேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"'விடு' எண்டு சொல்லாத. 'அனுப்பு' எண்டு சொல்லு. உம்மாவ ஒருத்தரும் பிடிச்சு வைக்கேல்லையே."

"பிடிச்சுத்தான் வச்சிருக்கிறாங்க வாப்பா."

எழும்பி ஜாக்கெட்டைக் கழற்றிக் கொளுவினார்.

"அப்ப 'விடு' எண்டே இருக்கட்டும்."

மறுவாரம் தொழுகை முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். முடியைப் பின்னால் கட்டியிருந்தேன், வெட்டவில்லை. எல்லாருக்கும் பொதுவான பாஷை டேனிஷ்தான். அங்கிருந்தவர்களில் அது எனக்குத்தான் நன்றாக வரும். அந்தத் தைரியமும் இருந்தது.

"நான் ஷைத்தானைக் கூப்பிடவில்லை. என் உம்மாவைக் கூப்பிடுகிறேன்" என்று தொடங்கி, வரிகளை டேனிஷில் சொன்னேன்.

எழும்பப் போனவர்களும் திரும்ப உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்திலும் பெண்சாதி பிள்ளைகளுக்காகக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

இஸ்மாயில் நானா கேட்டார்: "இதை மெதுவாகச் சொல்ல முடியாதா?"

"மெதுவாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். யாருக்கும் கேட்கவில்லை."

"அங்கே பியர் குடிக்கிறார்களா?"

"குடிக்கிறார்கள். நான் ஆரஞ்சு சோடா."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார். இஸ்மாயில் நானா சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, "இந்த இசை சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் பாங்கை உன் தகப்பன் சொல்லட்டும்" என்றார்.

ஒருவர் எழுந்து வெளியே போனார். அதன் பிறகு என் சலாத்துக்கு அவர் பதில் சொன்னதே இல்லை. அதுவும் நடந்ததுதான்.

நிகழ்ச்சிக்கு வாப்பா வந்தார். தொழிற்சாலை ஜாக்கெட்டோடு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். 'லாச்சி' தொடங்கியபோது இரண்டு பஞ்சையும் எடுத்தார். அர்த்தம் தெரியாத டேனிஷ் பொடியன்கள் எல்லாம் கையைத் தூக்கி "லாச்சி! லாச்சி!" என்று கத்தினார்கள். வாப்பாவின் உதடும் அசைந்தது… மேடையிலிருந்து நான் கண்டேன்.

கடைசியில் உம்மாவும் தங்கச்சியும் வந்து சேர்ந்தார்கள். கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் உம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாப்பாவிடம் கேட்டா: "இது ஆர்? நான் பெத்தது மகனெல்லோ?"

முடியைப் பிடித்து இழுத்துவிட்டு அழுதா.

இப்போது எனக்கு அலுவலக வேலை. முடி தானாகவே போய்விட்டது. வருஷத்துக்கு ஒருமுறை பழைய பாண்ட் கூடி வாசிக்கிறோம், லார்ஸின் மகன் அதை இணையத்தில் ஏற்றிவிடுகிறான். ஜமாஅத்துக்கும் இன்று கார் நிறுத்துமிடத்தோடு சொந்தக் கட்டிடம். அங்கே தொழ வருகிற பொடியன்களே எங்கள் வீடியோவுக்கு ஹார்ட் போடுகிறார்கள். என் மகள் டேனிஷில் "சூப்பர் வாப்பா" என்று எழுதுகிறாள். ஒருவரும் கோபிப்பதில்லை. நல்லதுதான்… வென்றோம் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அந்த வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.