படலை மணி

என் வீட்டு வேலிப் படலையில் ஒரு மாட்டு மணி தொங்குகிறது. யாராவது படலையைத் தொட்டால் குசினி அடுப்படி வரைக்கும் சத்தம் கேட்கும். எங்கள் பக்கத்தில் படலைக்கு மணி கட்டும் வழக்கம் இல்லை. வருகிற ஆள் வெளியே நின்று "வீட்டில ஆர்?" என்று குரல் கொடுக்கும், அவ்வளவுதான். இந்த மணி நான் சமைத்துப் போட்ட இத்தாலிக்காரத் துரையுடையது.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு அவர் வந்தார். வாவிக்கரையில், ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் ஒருவரின் வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியே இருந்தார். வாத்தியார்தான் என்னைச் சமையலுக்குச் சேர்த்துவிட்டார். எனக்கு ஆட்களோடு பேசக் கூச்சம். துரைக்கும் பேச்சுக் குறைவு, அதனால் ஒத்துப்போனது. நான் கருவாடு காயவைக்கிற பாயின் மறுபக்கத்தில் அவர் தக்காளியைப் பிளந்து, உப்புப் போட்டுக் காயவைப்பார். காகத்தை இருவரும் மாறி மாறி விரட்டுவோம். ஒன்று மட்டும் எனக்கு மனவருத்தம். அவர் படலையில் இந்த மணி அடித்தால் என்னைப் போக விடமாட்டார். கை காட்டி என்னை நிறுத்திவிட்டு, கால் வீங்கிய மனிதர் தடியை ஊன்றிக்கொண்டு தானே போவார். மீன்காரத் தம்பி இதைப் பார்த்துப் பகிடி பண்ணுவான்.

"என்னக்கா, துரை உங்கள படலைக்கும் விடமாட்டாராமே. தங்கம் மாதிரிப் பொத்தி வெச்சிருக்கார்."

"தங்கமா? கள்ளி எண்டு நினைக்கிறார் தம்பி. நீ இறாலை நிறுத்துத் தந்திட்டுப் போ."

சிரித்துத்தான் சொன்னேன். உள்ளுக்குள் சுட்டது.

ஒரு நாள் வாத்தியார் வந்திருந்தபோது துரை என் நெற்றிப் பொட்டைக் காட்டி ஏதோ கேட்டார். உன் புருஷன் எங்கே என்று கேட்கிறார் என்றார் வாத்தியார். நான் சொன்னேன். யுத்த காலத்தில் ஒரு மத்தியானம், சோறு தின்றுகொண்டிருந்தவரைப் படலையில் ஒரு குரல் கூப்பிட்டது. "அண்ணன், ஒருக்கா வந்திட்டுப் போங்க." கையைக் கழுவாமலே எழும்பிப் போனார். அதற்குப் பிறகு, கைப்பிள்ளையாக இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. எல்லா வாசலிலும் ஒரே சொல், தெரியா. உடம்பும் கிடைக்கவில்லை, சேதியும் கிடைக்கவில்லை. அதனால் பொட்டை அழிக்கவில்லை. செத்தவருக்கு வைக்கிற முப்பத்தோராம் நாள் படையலும் வைக்கவில்லை. வாத்தியார் இதை இங்கிலீஷில் சொல்லி முடித்தபோது துரை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

அடுத்த கிழமை வாத்தியாரைக் கூப்பிட்டு, என்னையும் கதிரையில் இருக்கச் சொல்லி, தன் கதையைச் சொன்னார். இத்தாலியில் கல்லும் முள்ளுமான ஒரு ஊர். தகப்பன் இல்லை. சின்ன வயதில் தாயோடு கப்பலேறி அமெரிக்கா போயிருக்கிறார். தாய் இருட்டறையில் இருந்து சட்டை தைத்தாள். மொழி தெரியாத பொடியன் என்று பள்ளிக்கூடத்தில் அடித்தார்களாம். அந்தத் தெருவில் கடைக்காரரிடம் கப்பம் வாங்கும் கூட்டம் ஒன்று இருந்தது, எல்லாரும் அவருடைய நாட்டுக்காரர்கள். அவர்களோடு நடந்துபோனால் ஒருவரும் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அப்படித்தான் சேர்ந்தார். முதலில் காவல் நின்றார், பிறகு கப்பம் வாங்கினார், கடைசியில் அந்தக் கூட்டத்துக்கே தலைவரானார். தன் கையால் ஒன்றும் செய்வதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் போதும், அந்த வீட்டு வாசலுக்கு ஆட்கள் போவார்கள். ஒரு நாள் அவருடைய வாசலுக்கும் வேறொரு கூட்டத்து ஆட்கள் வந்தார்கள். மணி அடித்தது. அவருக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்தது அவருடைய மகன்.

நான் எழும்பி, அடுப்பில் தண்ணி தெளித்து நூர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சில நாள் போகவில்லை. மகனைப் பறிகொடுத்தவர் என்று நினைத்தால் பாவமாக இருக்கும். அவர் அனுப்பிய ஆட்களை நினைத்தால் என் படலையில் கேட்ட குரல் திரும்பக் கேட்கும். இந்த ஆளுக்கா நான் சோறாக்கிப் போட்டேன் என்று கை கூசியது. ஆனாலும் ஒரு கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருந்தது. போய், வாத்தியாரை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அப்பிடிப் போன ஆக்கள்ட பொஞ்சாதிமார் உங்களிட்ட வந்து கேட்டவங்களா?"

துரை வாத்தியாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, என்னிடம் பழகிய தமிழிலேயே சொன்னார். "வந்தாங்க. நான் தெரியா எண்டு சொன்னன்." தடியைச் சுவரில் சாத்திவிட்டு, "தெரியும்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் அத்தனை வாசலிலும் நின்றேன். சொல்ல வேண்டியவர்கள் எனக்குச் சொல்லவில்லை. வேறு யாரோ பெண்களுக்குச் சொல்லாமல் மறைத்தவர் எனக்குச் சொன்னார். மன்னித்தேன் என்று எழுத மனம் வரவில்லை. அந்த உரிமை அந்தப் பெண்களுக்குத்தான். ஆனால் அன்றைக்கு உலை வைத்தேன்.

கடைசியில் படுக்கையாகிவிட்டார். ஒரு காலையில் மணி அடித்தது. எழும்பப் பார்த்தார், முடியவில்லை. நான் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "ஆடுதான் துரை, படலையில உரசுது" என்றேன். என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடெண்டாலும் நீ போகாத."

அந்தக் கிழமையே போய்விட்டார். சொந்தம் என்று ஒருவரும் வரவில்லை. பாதர் வந்து ஜெபம் சொல்லி அடக்கம் பண்ணினார். முப்பத்தோராம் நாள் நான் இறாலும் அவருடைய தக்காளியும் போட்டுச் சமைத்து ஒரு இலையில் வைத்தேன். அவருக்கு உடம்பு இருந்தது, குழி இருந்தது, அதனால் வைக்க முடிந்தது. என் மனிதருக்கு வைக்காத இலை.

மணியை வாத்தியார் எனக்குத் தந்தார். இப்போது அது அடித்தால் மகள் எழும்புவாள். பெரும்பாலும் மீன்காரத் தம்பி, இல்லாவிட்டால் ஆடு. எனக்கு முழங்கால் பிடித்திருக்கும். ஆனாலும் விடமாட்டேன்.

"நில்லு புள்ள, நான் போறன்."

"ஆடுதானே அம்மா."

"ஆடெண்டாலும் நான்தான் போவன்."

மெதுவாகத்தான் போய்ச் சேருவேன். படலைக்குப் பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன், தினமும் காலையில் மாற்றி வைப்பேன். கை கழுவாமல் போன மனிதர்.